ஒன்றரை மார்க்

அண்டவியல் செம்பெயர்ச்சி, ஈர்ப்புச் செம்பெயர்ச்சி: வேறுபடுத்துக. ஐந்து மார்க். செம்பெயர்ச்சி என்றால், ஒளியைப் பிரித்த நிறமாலையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோடுகள் சிவப்புப் பக்கம், அதாவது நீண்ட அலைநீளத்துக்கு, நகர்ந்திருப்பது. எல்லோரும் நடுவில் கோடு போட்டு எழுதுவார்கள். இந்தப் பக்கம், அண்டம் விரிய விரிய வழியில் இருக்கும் ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. அந்தப் பக்கம், ஒளி ஈர்ப்பை மீறி ஏறி வருவதால் ஆற்றல் குறைகிறது. இந்தப் பையன் கோடே போடவில்லை. "இரண்டிலும் எல்லா நிறமாலைக் கோடுகளும் ஒரே விகிதத்தில்தான் நகரும். நகர்ந்த அளவை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது." அவ்வளவுதான். ஒன்றரை போட்டேன்.

தாளை வாங்கியதும் வந்தான். "தப்பா எழுதியிருக்கேனா சார்?"

"தப்பில்லப்பா. கேட்டதுக்கு எழுதல."

அதில் என்ன பிழை? வேறுபடுத்தச் சொன்னால் வேறுபடுத்த வேண்டும். ஈர்ப்பில் ஏறும்போது இழந்தது இறங்கும்போது கிடைத்துவிடும். 1960-ல் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரத்தில் காமாக் கதிரை மேலேயும் கீழேயும் அனுப்பி அளந்தார்கள். விரிவில் போனது போனதுதான். இதை ஒரு வரி எழுதியிருந்தால் மூன்று போட்டிருப்பேன்.

போட்டிருப்பேனா? கோடு இல்லாத தாளைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

1963-ல் வானியலாளர் மார்ட்டின் ஷ்மிட்டுக்கும் இதே சிக்கல்தான். 3சி 273 என்ற, விண்மீன்போல் தெரிந்த பொருளில் ஹைட்ரஜனின் 486 நானோமீட்டர் கோடு 563-க்குப் போயிருந்தது. வெகுதொலைவில் இருந்து அண்ட விரிவாலா, அடர்ந்த விண்மீன் ஒன்றின் ஈர்ப்பாலா? நகர்ந்த அளவு எதையும் சொல்லவில்லை. அதே விகிதத்தில் நகர்ந்திருந்த ஆக்சிஜன் கோடு ஒன்றுதான் கைகொடுத்தது. அது மிக மெல்லிய வாயுவில் உருவாவது. அடர்ந்த விண்மீனை ஒட்டி அப்படி வாயு இருப்பது கடினம். ஈர்ப்பு என்றால் உயரத்துக்கு உயரம் பெயர்ச்சி மாறி, கோடுகளும் இன்னும் அகலமாகப் பரவியிருக்கும்.

பையன் நின்ற இடத்திலிருந்து அடுத்த படி அது. அதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. அட்டவணைதான் கொடுத்திருந்தேன். சொல்லாததை அவன் எப்படி எழுதுவான்? ஆனால் சொல்லாததில் பாதியை எழுதித்தானே இருந்தான்.

அதற்குள் மார்க்கை ஏற்றி அனுப்பியாகிவிட்டது. இந்த வருடமும் அதே கேள்விதான் வைத்தேன். அறுபது தாளை இரண்டு நாளில் திருத்த வேண்டும். விடைக்குறிப்பில் நடுவில் கோடு போட்டுத்தான் எழுதினேன்.