சத்தம் போட்டுப் படிக்கும் சனிக்கிழமைகள்

ஜூலை 26, 2025, சனி

பெங்களூருவில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் இன்று வாசிப்பு நேரம். பாய் விரித்து நடுவில் புத்தகங்களைக் கொட்டி வைத்தோம். வரிசையாக அடுக்கி வைத்தால் பிள்ளைகள் தொடத் தயங்குகிறார்கள். கொட்டிக் கிடந்தால் உடனே கை நீளுகிறது.

வருகிறவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் எழுத்து பெரும்பாலும் தெரியாது. "எனக்கு இது படிக்க வராது ஆன்ட்டி" என்று ஒதுங்கிப் போன ஒரு பையனிடம், "சரி, நான் படிக்கிறேன், நீ பக்கத்தைத் திருப்பு" என்றேன். ஒட்டி உட்கார்ந்துகொண்டான். நான் கடைசி வரியை முடிப்பதற்குள் அவன் விரல் தாளின் ஓரத்தில் தயாராக இருந்தது. இரண்டாவது கதைக்கு, திருப்பும் முன்பே அடுத்த படத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

எழுத்து தெரியாத பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் எதற்கு என்று கேட்கிறார்கள். கதைக்குத்தான். எழுத்து பின்னால் வரட்டும்.

ஜூலை 30, புதன்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். இன்று 'தம்பி' என்ற சொல்லை, 'பி'யைப் 'பிள்ளை'யில் வருவதுபோல அழுத்தி வாசித்தாள். கன்னடத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நம்மிடம் ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே ஒரு நொடி நின்று, "ஓ, தம்பியா!" என்று சரியாகச் சொல்லிவிட்டாள்.

யாரும் திருத்தவில்லை. அவள் காது திருத்தியது. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள். காதில் நிறையத் தமிழ் இருக்கிற பிள்ளைக்கு எழுத்து பெரிய மலையே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிள்ளைகளுக்காக நான் எழுதும் புதுக் கதையின் மூன்றாவது வரைவு. 24 பக்கம், நடுவில் பின் அடித்த மெலிந்த புத்தகம். அச்சகத்தில் எட்டு எட்டுப் பக்கமாகத்தான் கணக்கு என்பதால் 16, 24, 32 என்று போகும். ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும் என்று கேட்க முடியாது. அதனால் எங்கே பக்கம் திரும்புகிறது என்பதுதான் எனக்கு எல்லாமே. 'கதவைத் திறந்தாள்' என்பது வலப்பக்கத்தின் கடைசி வரியாக வந்தால், திருப்புகிற கை ஒரு நொடி நிற்கும்.

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூச்சு முட்டிய இடங்களில் வாக்கியத்தை உடைத்தேன். 'சென்றாள்' எல்லாம் 'போனாள்' ஆயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

இன்று ஒரே கதை, இரண்டு மொழி. 2004இல் இந்த ஊரில் தொடங்கிய குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகளைப் பல மொழிகளில் இலவசமாகத் தருகிறது. ஒரு கதையின் கன்னட வடிவத்தையும் தமிழ் வடிவத்தையும் அச்செடுத்து வைத்திருந்தேன்.

காவலாளியின் மகன் கன்னடத்தில் ஒரு பக்கம் படிப்பான், அதே படத்தைக் காட்டி நான் தமிழில் படிப்பேன். நாலாவது பக்கத்தில் வந்த யானைக்கு இரண்டு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து பிளிறியதில், மேல் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். சண்டைக்கு வரவில்லை, பேத்தியை அனுப்பி வைத்தார். "சக்கத்தா இருக்கு ஆன்ட்டி, இன்னொரு தடவை" என்றார்கள் பிள்ளைகள். அதே கதையை மறுபடி படித்தோம். பிள்ளைகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதை அலுப்பில்லாமல் செய்ய வேண்டும். அடுத்தது தெரிந்திருக்கிற சந்தோஷம் அவர்களுக்குப் பெரிது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தேசிய நூலகர் தினம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பிறந்தநாள். கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்கு லண்டன் போனபோது, ஒரு கடையில் துண்டுகளைப் பூட்டிப் பூட்டி விதவிதமாகச் செய்யும் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறைக்கு வித்து அந்த விளையாட்டுச் சாமான்தான். நூலகவியலின் நடுவே ஒரு பொம்மை உட்கார்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கும்.

நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. ஊர் ஊராகப் போன அந்த வண்டியைச் சுற்றி யாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரங்கநாதன் 1957க்குப் பிறகு பெங்களூருவாசி. 1962இல் இங்கே ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை உருவாக்கி, 1972இல் இந்த ஊரிலேயே மறைந்தார். திக்கிப் பேசும் சிரமம் அவருக்கு இருந்தது, போகப் போக அதை வென்றார் என்று படித்திருக்கிறேன். வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஒரு பிள்ளை எங்கள் கூடத்துக்கும் வருகிறது. அவளிடம் இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், வாசிக்கச் சொல்லி வற்புறுத்தாமல்.

'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது இரண்டாம் விதி. எழுத்து தெரியாத ஆறு வயதுப் பிள்ளையும் வாசகர்தான். அந்தப் பிள்ளைக்கு உரிய நூல் அலமாரியில் இருந்தால் போதாது, படித்துக் காட்ட ஒரு குரலும் அங்கே இருக்க வேண்டும். பல நூலகங்களில் குழந்தைகள் பகுதிக்கு மேலேயே 'அமைதி காக்கவும்' பலகை தொங்குகிறது. பெரியவர்களின் கூடத்தில் அது நியாயம். குழந்தைகள் பகுதியில் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அதைக் கழற்றி வையுங்கள் என்று எல்லா நூலகர்களிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று படித்தது நான் இல்லை. இரண்டாம் மாடிப் பாட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். நடுநடுவே புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்தார். குரங்குக்குத் திருப்பத்தூர்ச் சந்தையில் ஒரு மாமா முளைத்தார். பிள்ளைகளுக்கு அந்த மாமாவைத்தான் பிடித்துப்போனது.

முடிந்ததும் ஓர் அப்பா மகனிடம், "இந்தக் கதையிலேர்ந்து என்ன கத்துக்கிட்ட?" என்றார். பையன் முகம் சுருங்கிவிட்டது. "சார், அந்தக் கேள்வி வேண்டாமே, எந்தப் பக்கம் பிடிச்சதுன்னு கேளுங்க" என்றேன். கேட்டார். பையன் படியேறும் வரைக்கும் பேசிக்கொண்டே போனான்.

அடுத்த வாரம் பாட்டியே படிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். பெரிய எழுத்துப் புத்தகமாகத் தேடி எடுத்துத் தர வேண்டும். காவலாளி மகனுக்குக் கன்னடத்தில் இன்னும் இரண்டு கதை அச்செடுக்க வேண்டும். கிரிக்கெட் வருகிற கதை வேண்டுமாம்.