அம்மாவின் நாலு ஓட்டை

நவம்பர் 4, திங்கள்

ராத்திரி பதினொன்றரைக்குப் பிடித்த வலி விடியும்வரை விடவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்தியபடி உட்கார்ந்தே இருந்தாள். சாயங்காலம் பக்கத்து லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், காதுகுத்து. கோழிக் குழம்பு, ரொட்டி, தேங்காய்ச் சம்பல். "கேஸுதான்டி, மாத்திரை ஒண்ணு குடு" என்றாள். கொடுத்தேன்.

ரெண்டு வருஷமாக இப்படித்தான். நான் வேலை பார்ப்பது கோத்தகிரியில் ஒரு மெடிக்கல் கடையில். ஒரு அட்டை தீர்ந்தால் அடுத்த அட்டை வீட்டுக்கு வந்துவிடும். வலது தோள்பட்டைக்குப் பின்னால் குடைகிறது என்பாள், அதற்குத் தைலம். கொழுந்துப் பையை முதுகில் போட்டுக்கொண்டு நாளெல்லாம் சரிவில் நிற்கிறவளுக்குத் தோள் வலிக்காமலா இருக்கும்? யாரிடமும் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டேன்.

நவம்பர் 6, புதன்

ஸ்கேன் எடுத்தாச்சு. பித்தப்பை நிறையக் கல்.

எண்ணெய், கொழுப்பு உள்ளே போனால் பித்தத்தை வெளியே தள்ளப் பை சுருங்குமாம். அந்த நேரம் ஒரு கல் போய் வாயை அடைத்தால் வலி. அது வலது தோள்பட்டை வரை ஏறுமாம். டாக்டர் சொல்லச் சொல்ல நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்லுன்னா வாழைத்தண்டு சாறு குடிச்சா கரைஞ்சிடும்" என்று பக்கத்து வீட்டு அத்தை ஒரு தண்டையே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாழைத்தண்டைச் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு. இது பெரும்பாலும் கொழுப்பு இறுகிய கல், மூத்திரத்தோடு போகிற பாதையிலேயே இல்லை. பித்தக் குழாயில் இறங்கிச் சிக்கினால் மஞ்சள் காமாலை வரும், கணையமும் வீங்கும். அத்தையிடம் இவ்வளவும் சொல்ல முடியுமா? தண்டைப் பொரியல் செய்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

பித்தப்பையை எடுத்துவிட வேண்டுமாம். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறக்கம், அங்கிருந்து கோவை ஆஸ்பத்திரி. அம்மா வழியெல்லாம் கண்ணை மூடியே வந்தாள். முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு கையில் இருந்ததால் பணக் கவலை இல்லை. ஜெராக்ஸ் கடைக்குத்தான் நாலு நடை.

சர்ஜன் அம்மாவின் தொப்புளுக்குக் கீழே விரலை வைத்து, "இது என்ன தழும்பு?" என்றார். குடும்பக் கட்டுப்பாடு. என் தம்பி பிறந்த பிறகு முகாமில் செய்தது. "அப்ப இது உங்களுக்கு ரெண்டாவது லேப்ராஸ்கோப்பிம்மா. அதுவும் சின்ன ஓட்டை போட்டு, குழாய் வழியா உள்ளே பார்த்துதான் செஞ்சிருக்காங்க" என்றார். நம் ஊர்ப் பெண்கள் வயிற்றில் இது முகாம் முகாமாக நுழைந்த காலத்தில், பித்தப்பைக்கு ஒரு ஜாண் நீளம் கிழித்துக்கொண்டிருந்தார்களாம்.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "பையை எடுத்துட்டா பித்தம் எங்க போவும்?"

"உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"மேல ஊத்துல இருந்து. நடுவுல தொட்டி."

"பித்தத்தோட ஊத்து கல்லீரல். தொட்டியைத்தான் எடுக்கப்போறோம். இனிமே தண்ணி சொட்டுச் சொட்டா நேரா குடலுக்கு வரும். கொஞ்ச நாள் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டா வயிறு இளகும், அவ்வளவுதான்."

அம்மா தலையாட்டினாள். எனக்கு இதே விஷயம் படம் போட்டுக் காட்டியும் பாதிதான் புரிந்திருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

கையெழுத்து போட்ட தாளில் ஒரு வரி: உள்ளே ஒட்டிப்போய்க் குழாய் தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறக்க நேரிடலாம். பித்தப்பைக் குழாய் என்று நினைத்துக் கல்லீரலிலிருந்து வரும் முக்கியக் குழாயை வெட்டிவிட்டால் பெரிய ஆபத்தாம். "சந்தேகம் வந்தா திறந்துடுவோம், அது தோல்வி இல்ல" என்றார் சர்ஜன். அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

தூக்கம் வராமல் போனில் படித்தேன். 1980-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் குர்ட் செம் என்ற பெண்நோய் மருத்துவர் குடல்வாலை இப்படி எடுத்திருக்கிறார். 1985-ல் அதே நாட்டில் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார். ரெண்டு பேரையும் கேலி செய்தவர்கள் சக சர்ஜன்களே. பெரிய சர்ஜன் என்றால் பெரிசாகக் கிழிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து எண்ணம். 1990-ல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா தொடங்க, பித்தப்பையை இப்படி எடுப்பது இந்தியாவுக்கும் வந்தது.

நவம்பர் 13, புதன்

காலையில் நர்ஸ் அம்மாவின் ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினார். எண் வரவில்லை. கட்டை விரலில் மாட்டினார். அதிலும் கோடு கோடாகத்தான் வந்தது. "மருதாணியா?" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடித்த நுனி, நகக்கண் வரை கறுப்பு. "கொழுந்துக் கறைம்மா, போகாது" என்றாள் அம்மா. கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு, சுண்டு விரலில் மாட்டினார். 98 வந்தது.

ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கரியமில வாயுவை ஏற்றி வயிற்றைக் கூடாரம் மாதிரித் தூக்கிக்கொள்கிறார்கள். தொப்புளில் கேமரா, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் அரை சென்டிமீட்டரில் ரெண்டு. குழாய்க்கும் ரத்தக்குழாய்க்கும் டைட்டானியம் கிளிப். அது உள்ளேயே இருந்துவிடும். திறக்கத் தேவைப்படவில்லை.

வெளியே வந்த சர்ஜன் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினார். மங்கிய மஞ்சளில், துவரம்பருப்பு அளவில், ஒன்றோடொன்று உரசி முகம் தேய்ந்த கற்கள்.

நவம்பர் 14, வியாழன்

அதிகாலை நாலரைக்கு "தோள் வலிக்குதுடி." எனக்கு உயிரே போய்விட்டது. கல்தான் எடுத்தாச்சே, நெஞ்சு வலியோ? ஓடிப் போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். நாடித்துடிப்பு, பிரஷர் எல்லாம் பார்த்தார். ஏற்றிய வாயுவில் மிச்சம் கொஞ்சம் உதரவிதானத்துக்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைக்கு, அடியில் நிற்குமாம். அதன் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் வலி தோளில் தெரியுமாம். "கேஸுதான், நடந்தா சரியாயிடும்" என்றார்.

கேஸுதான்! அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கப் போய், வயிறு இழுத்து, "அய்யோ" என்றாள்.

நவம்பர் 15, வெள்ளி

டிஸ்சார்ஜ். வளைவுக்கு வளைவு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள். இருமினாலும் அப்படித்தான் பிடிக்கச் சொன்னார்கள். வீடு வந்ததும் ரசம் சோறு.

நவம்பர் 20, புதன்

ஒரு மாசத்துக்குக் கனம் தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருக்கிறது. மழை விட்டுக் கொழுந்து தள்ளுகிறது. பார்க்க வந்தவர்கள் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? ஊசி குத்தின மாதிரி இருக்கு" என்கிறார்கள். அத்தைக்கு 1998-ல் கோணலாக விழுந்த குடல்வால் தழும்பு இருக்கிறது. எங்கள் லயத்தில் அதற்குத்தான் மரியாதை. அம்மாவே ரெண்டு தடவை குடத்தைத் தூக்கப் பார்த்தாள். பிடுங்கி வைத்தேன்.

கடையிலிருந்து பெரிய பிளாஸ்திரியாக நாலு எடுத்து வரச் சொன்னாள். காயம்தான் ஆறிவிட்டதே என்றேன். "காயத்துக்கில்லடி" என்றாள்.

நவம்பர் 24, ஞாயிறு

மேஸ்திரி அண்ணன் வந்தார். "ஓட்டைதானே போட்டாங்க, திங்கக்கிழமை வந்துடுறியா?"

அம்மா பதில் சொல்லாமல் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினாள். அவர் அதை வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எத்தனை?"

"இருபத்து மூணு. எண்ணிட்டேன்."

"இத்தனையும் வயித்துல வச்சுக்கிட்டா கொழுந்து எடுத்தே?"

டிசம்பர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா பாட்டிலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டை ஒட்டி வைத்தாள். அங்கே வேண்டாம் என்றேன்.

"இருக்கட்டும். நாளைக்கு மகளிர் குழுவுல இருந்து தவணை கேட்டு வருவாங்க."