மிஸ்காந்தஸ் வயலும் கணினி மாதிரியும்: ஓர் ஆய்வுப் பணிக்கு நான் வந்த வழி

கோவையில் வேளாண் முதுகலை முடித்த கையோடு, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உயிரி எரிபொருள் பயிர்களின் வளர்ச்சியைக் கணிக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தேன். மதிப்பெண்களைவிட எனக்குக் கைகொடுத்தது, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாகி எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டுள்ள 'பயோக்ரோ' என்ற, பயிர் வளர்ச்சியைக் கணிக்கும் கணினி மாதிரியை முன்கூட்டியே இயக்கிப் பார்த்திருந்ததுதான். வெப்பநிலையை மாற்றும்போது விளைச்சல் எப்படி மாறுகிறது என்பதை வரைபடமாக்கிப் பேராசிரியருக்கு எழுதிய கடிதத்துடன் இணைத்திருந்தேன். நேர்காணலின் பெரும்பகுதி அந்த வரைபடத்தைப் பற்றியே நடந்தது.

மாதிரி அமைக்கும் வேலை என்றாலும், முதல் கோடை முழுவதும் வயலில்தான் கழிந்தது. மூன்று மீட்டருக்கு மேல் வளரும் மிஸ்காந்தஸ் புல்லின் இலையை அளவீட்டுக் கருவியின் சிறு அறைக்குள் பொருத்தி, ஒளியைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் இலை நிலைகொள்ளும்வரை பொறுத்திருந்து, அது உள்ளிழுக்கும் கரியமில வாயுவைப் பதிவு செய்ய வேண்டும். மாதிரிக்குள் இடும் எண்கள் இப்படித்தான் கிடைக்கின்றன. அவற்றை அளந்து பழகாதவர் அவற்றின் பிழை வரம்பை உணர்வது கடினம்.

மரபியல் இங்கே தவிர்க்க முடியாதது. பரவலாகப் பயிரிடப்படும் மிஸ்காந்தஸ் 57 குரோமோசோம்கள் கொண்ட மும்மடியக் கலப்பினம், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுப்புகள் கொண்டது. அது வளமான விதை தராததால், மண்ணுக்கடியில் படரும் தண்டைத் துண்டாக்கியே நடுகிறார்கள். ஒரே மரபுடைய பயிருக்கு மாதிரிக்குள் இட ஒரே அளவுருத் தொகுதி (அளந்து பெற்ற எண்களின் தொகுப்பு) போதும். புதிய கலப்புகளுக்கோ ஒவ்வொரு மரபு வழிக்கும் தனித்தனியாக வேண்டும். இதைப் படித்தபோது, 1912-இல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன்: நாணலையும் கரும்பையும் கலந்து அங்கே உருவான கோ 205 என்ற கரும்பு இரகம் பயன்படுத்திக் காட்டிய அதே காட்டு மரபைத்தான், எரிபொருளுக்காக வளர்க்கும் ஆற்றல் கரும்பை ஆராய்பவர்களும் இன்று நாடுகிறார்கள்.

விளைச்சலை மட்டும் கணிப்பது பாதி வேலை என்பது என் உறுதியான கருத்து. இலையுதிர் காலத்தில் மிஸ்காந்தஸ் தன் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதியை நிலத்தடித் தண்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவதால், காய்ந்த பிறகு அறுத்தால் உரத்தேவை வெகுவாகக் குறைகிறது. உரமிட்ட மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்குவது. ஆகவே கொலராடோவில் உருவான 'டேசென்ட்' என்ற, மண்ணில் நடக்கும் மாற்றங்களைக் கணிக்கும் கணினி மாதிரியையும் கற்றேன்.

பட்டம் பெற்றபின் ஆய்வாளர் பணிக்கு நடந்த தேர்வில், எந்தக் களத்தரவு கிடைத்தால் என் மாதிரி தவறு என்று ஒப்புக்கொள்வேன் எனக் கேட்டார்கள். ஆழ்மண்ணில் சேரும் கரிமத்தின் நீண்டகால அளவீடு என்று சொல்லி, அதைத் திரட்டும் திட்டத்தையும் விளக்கினேன். வேலை கிடைத்தது, இப்போது ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னரும் ஒரு மீட்டர் ஆழம்வரை மண் உருளைகளை எடுத்து, அவற்றின் கரிம அளவை மாதிரியின் கணிப்போடு ஒப்பிட்டு வருகிறேன்.