பார்மசி காலேஜ் நேர்காணல்: என்ன கேட்பார்கள், எங்கே சறுக்கும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பி.பார்ம் என்கிற நாலு வருட பார்மசி பட்டப்படிப்பில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு நேர்காணல் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு, அவ்வளவுதான். நீட்டும் வேண்டாம். இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருந்தால் போதும். நேர்காணல் என்று கூப்பிடுவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கிற தனியார் கல்லூரிகளும் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும்தான். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இதற்காக மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். சென்னை என்றால் முந்தைய நாளே கிளம்புங்கள். காலையில் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் ஏறினால் எழும்பூரில் இறங்கவே மதியம் ஆகிவிடும்.

உள்ளே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாது. முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ஏன் பார்மசி?

"மக்களுக்குச் சேவை செய்ய" என்ற பதிலை அவர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "எம்.பி.பி.எஸ். கிடைக்கலை" என்று உண்மையைச் சொன்னாலும் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அடுத்த கேள்விக்கு வழி இல்லாமல் போகும். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் சொல்வது, "ஊரில் மெடிக்கல் வைக்கணும் சார்." நல்ல பதில்தான். ஆனால் கையோடு ஒரு கிடுக்கிப்பிடி வரும்: "மெடிக்கல் வைக்க டி.பார்மே போதுமே, எதற்கு நாலு வருஷம்?"

இதற்குத் தயாராகப் போக வேண்டும். டி.பார்ம் என்கிற டிப்ளமோ இரண்டு வருடம், கூடவே 500 மணி நேரப் பயிற்சி. முடித்து மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தால் மருந்து கொடுக்கத் தகுதி வந்துவிடும். சில்லறை மருந்துக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், படிவம் 20, 21 உரிமங்கள் வேண்டும், பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் மருந்து கைமாற வேண்டும். கடை முதலாளியே பார்மசிஸ்ட்டாக இருக்கணும் என்று சட்டம் சொல்லவில்லை. பி.பார்முக்குத் திறக்கிற கதவுகள் வேறு: மருந்துத் தொழிற்சாலையில் உற்பத்தி, தரப் பரிசோதனை, மருந்து ஆய்வாளர் தேர்வு, ஜிபேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.பார்ம் மேற்படிப்பு. டி.பார்ம் முடித்தவர் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரவும் முடியும். இந்த வித்தியாசம் தெரிந்து, "கடையும் வைப்பேன், ஆனால் தரப் பரிசோதனை வேலையைத்தான் முதலில் பார்க்கிறேன்" என்று சொல்கிற பிள்ளையிடம் பேச்சு நீளும். ஃபார்ம்.டி என்கிற பார்மசி டாக்டர் படிப்பு கேட்டுப் போகிறவர்கள், அது ஆறு வருடம், கடைசி ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி என்பதையாவது தெரிந்து போங்கள்.

பாடக் கேள்வி குறைவுதான். மோலாரிட்டி, பி.எச்., ஆஸ்பிரினின் வேதிப்பெயர், ஆன்டாசிடில் என்ன இருக்கும், இந்த அளவுதான். பிளஸ் டூ வேதியியலை ஒரு புரட்டுப் புரட்டினால் சரியாகிவிடும்.

சில இடங்களில் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, "இதில் என்ன இருக்கு, வாசி" என்பார்கள். பெரிய எழுத்தில் இருக்கிற பிராண்டு பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அங்கேயே மதிப்பெண் போச்சு. மருந்தின் பொதுப்பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், தயாரித்த நிறுவனம், உரிம எண், விலை, வைக்க வேண்டிய வெப்பநிலை என்று ஒன்றுவிடாமல் போக வேண்டும். சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. எச்1 பட்டியல் என்று அச்சிட்டிருந்தால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அடுத்து ஒரு சின்னக் கேள்வி வரும்: காலாவதி ஆகஸ்ட் என்று போட்டிருந்தால் எதுவரை சாப்பிடலாம்? ஆகஸ்ட் கடைசி நாள் வரை. பாதி அட்டை வெட்டிக் கொடுக்கும்போது எந்தப் பக்கம் வெட்டுவாய் என்றும் கேட்கலாம். தேதியும் தொகுதி எண்ணும் இருக்கிற பக்கம் கடையில் மிஞ்ச வேண்டும், கடைசி மாத்திரை போகிறவரை. வீட்டில் இருக்கிற நாலு அட்டையை எடுத்து ஒரு சாயங்காலம் வாசித்தால் இதற்கு வேறு தயாரிப்பே வேண்டாம்.

வெப்பநிலைக் கேள்வியில் நம் ஊர்க்காரர்களுக்குச் சாதகம் உண்டு. 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று அட்டை சொல்கிறது. சித்திரை வெயிலில் முற்றத்தை ஒட்டிய மாடத்தில் மாத்திரை டப்பாவை வைத்தால் என்ன ஆகும் என்று சொந்த வீட்டை வைத்தே சொல்லலாம். இன்சுலின் 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசருக்குள் போய் உறைந்துவிட்டால் இளகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது.

கணக்கில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். உதாரணம்: 12 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று சீட்டு. 180 மில்லிகிராம் வேண்டும். சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றால் 7.5 மில்லி. அதே மருந்து 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்றும் கடையில் இருக்கும். அதற்கு 3.6 மில்லிதான். பாட்டிலைப் பார்க்காமல் பழைய 7.5-ஐயே ஊற்றினால் 375 மில்லிகிராம் போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். விடையை மட்டும் சொல்லாமல் "எந்த பாட்டில் சார்?" என்று திருப்பிக் கேட்கிற பிள்ளையைத் தவறவிடமாட்டார்கள்.

நாட்டு மருந்து பற்றிப் பேச்சு வந்தால் "பக்கவிளைவே கிடையாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதிமதுரம் தொடர்ந்து அதிகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. முதலாண்டு தாண்டியதும் இதெல்லாம் பாடமாகவே வரும்.

தெரியாததற்கு "தெரியலை மேடம்" போதும். மருந்து விஷயத்தில் ஊகித்துப் பேசுகிறவரை யாருக்கும் பிடிக்காது.

இனி காகிதங்கள். செட்டிநாட்டு வீடுகளில் மூன்று நான்கு எழுத்து இனிஷியல் சாதாரணம். ஆதாரில் முழு இனிஷியலும், மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரின் ஓரெழுத்தும், சாதிச் சான்றில் வேறொன்றும் இருந்தால் சரிபார்க்கிற மேசையில் மாட்டிக்கொள்வீர்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரைத் திருத்திக்கொள்வதுதான் சுலபம். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இ-சேவையில் விண்ணப்பித்த அன்றே வந்துவிடாது. அசல் கேட்டால் சரிபார்க்கக் காட்டுங்கள். வாங்கி வைத்துக்கொண்டால் எதையெதை வாங்கினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

நீங்களும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா, எத்தனை இடத்துக்கு? பல்கலைக்கழக இணைப்பு மட்டும் போதாது. கவுன்சில் அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தால் பார்மசிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது. கவுன்சில் இணையதளத்தில் கல்லூரிப் பட்டியல் இருக்கிறது, போவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று பதில் வந்தால், வந்த பிறகு பணம் கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.