பார்சலோனாவில் ஒரு வீடு: காஸா பாட்யோ பார்த்த கதை

அதிகாலை மூன்று மணிக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கியபோது மெட்ரோ ஓடத் தொடங்கியிருக்கவில்லை. அதை நன்கு அறிந்திருந்த ஓர் ஆட்டோக்காரர் திருவல்லிக்கேணிக்கு 1,200 ரூபாய் கேட்டார். ஒவ்வொரு யூரோவையும் நூறு ரூபாய்க்கு மேல் கணக்குப் போட்டு, தண்ணீரைக்கூடத் தம்பியின் அறையில் நிரப்பிக்கொண்டு பார்சலோனாவில் ஊர் சுற்றிய எனக்கும் அம்மாவுக்கும் சொந்த ஊரில் கிடைத்த வரவேற்பு அது. அந்த எரிச்சல் தணிவதற்குள் எழுதுவதால், காஸா பாட்யோ வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கொடுத்த காசுக்கு எது தகும், எது தகாது என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருக்கிறது.

தம்பி பார்சலோனாவில் மேற்படிப்புப் படிப்பதால் தங்கும் செலவு இல்லை. இல்லையென்றால் இந்தப் பயணத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டோம். பாசேய்ச் டி கிராசியா என்னும் அகன்ற சாலையில் 43ஆம் எண் வீடு இது. 1877இல் கட்டப்பட்ட சாதாரணக் கட்டடத்தை ஜோசப் பாட்யோ என்ற துணி ஆலை முதலாளி வாங்கி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தார். இடிக்கத் தேவையில்லை என்று கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி சொல்லி, 1904 முதல் 1906 வரை அதையே உருமாற்றினார். எலும்பு போன்ற தூண்களும் முகமூடி போன்ற மாடங்களும் கொண்ட முகப்பைப் பார்த்து ஊர்க்காரர்கள் 'எலும்பு வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

நுழைவுச் சீட்டு விலை நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். கையில் டேப்லெட் தரும் சீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் ஏழாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அறையின் எந்த மூலையில் டேப்லெட்டைப் பிடித்தாலும், பாட்யோ குடும்பம் வாழ்ந்த காலத்து நாற்காலியும் மேசையும் அதில் தோன்றுகின்றன. முதல் பத்து நிமிடங்கள் நான் குழந்தையைப் போல மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன்: சாலையை நோக்கிய பெரிய கூடத்தில், தூக்கினால் எடைக்கட்டைகளின் உதவியால் மேலேறும் மரச் சன்னல்களுக்கு எதிரே, நீர்ச்சுழி போல் முறுக்கிக்கொண்டிருந்த கூரைக்குக் கீழே, முப்பது பேர் குனிந்த தலையோடு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா தன்னுடையதைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நானும் அணைத்தேன்.

அணைத்த பிறகுதான் வீட்டைப் பார்த்தேன். நடுவில் மேலிருந்து கீழ்வரை இறங்கும் வெளிச்சக் கிணறு ஒன்று இருக்கிறது. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஓ.டி.எஸ். (வானம் பார்த்த திறப்பு) என்று சொல்லி, கழிவுநீர்க் குழாய்களை ஓட்டிவிட்டுப் பழைய வாளிகளைப் போட்டு வைத்திருப்போமே, அதே இடம்தான். கௌடி அதன் சுவர் முழுவதும் நீல ஓடுகளைப் பதித்தார். வெயில் நேராக விழும் மேல்தளத்தில் அடர்நீலம், கீழே வரவர வெளிறி ஏறக்குறைய வெள்ளை. சன்னல்களோ மேலே சிறியவை, கீழே பெரியவை. இதனால் வெளிச்சம் எல்லாத் தளங்களுக்கும் ஒரே அளவாகப் பரவுகிறது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் சுவர் முழுவதும் ஒரே நிறமாகத் தோன்றுகிறது. சன்னலுக்குக் கீழே காற்றுக்கு வேண்டிய அளவு திறந்து மூட மரப் பட்டைகள் இருக்கின்றன. மின்சாரம் கேட்காத இந்தத் தொழில்நுட்பத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றோம். எங்கள் குடியிருப்பிலோ ஓ.டி.எஸ்.ஸை ஒட்டிய முதல் தளத்துக்காரர் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் சமைக்கிறார்.

துணி துவைக்கவும் சாமான் வைக்கவும் பயன்பட்ட மேல்மாடத்தில் அறுபது வெள்ளை வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. அதற்கும் மேலே மொட்டைமாடி. டிராகனின் முதுகு போல் வளைந்த கூரையையும் உடைந்த ஓடுகள் பதித்த புகைபோக்கிகளையும் பார்த்த அம்மா, "இது நம்ம மொட்டைமாடிடி, உங்கப்பா உடைஞ்ச ஓட்டை மூட்டையா வாங்கிட்டு வந்து பதிச்சாரே" என்றார். உண்மைதான். இங்கே சைனா மொசைக் என்கிறோம், அங்கே திரென்காதீஸ் என்கிறார்கள். வெயிலுக்குப் பயந்தும் சிக்கனத்துக்காகவும் அப்பா செய்ததைப் படம் எடுக்கத்தான் அங்கே வரிசையில் நின்றேன்.

மேலிருந்து நிலவறைக்கு இறங்கும் புதிய படிக்கட்டை ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்திருக்கிறார். சுவருக்குப் பதில் அலுமினியச் சங்கிலித் திரைகள். மேலே வெளிர்நிறம், இறங்க இறங்கக் கருமை. வெளிச்சக் கிணற்றைப் புரிந்துகொண்ட ஒருவர் செய்த வேலை என்பதால் இதற்கு என் முழு மதிப்பெண். ஆனால் முடிவில் காத்திருக்கும் கௌடி கனசதுரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆறு பக்கமும் எல்.ஈ.டி. திரைகளால் ஆன அறை; கௌடியின் மனத்துக்குள் நுழைவதாகக் கற்பனை செய்து ரெஃபிக் அனடோல் என்ற டிஜிட்டல் கலைஞர் உருவாக்கிய படைப்பு. காலடியும் சேர்ந்து நகர்ந்ததில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பிரமிப்பு இருந்தது, ஆனால் அந்த மனிதர் கட்டிய வீட்டுக்குள்ளிருந்தே வந்தவளுக்கு அவருடைய மனத்தைக் காட்ட இன்னொரு அறை எதற்கு என்றும் தோன்றியது. தலை சுற்றும் பழக்கம் உள்ளவர்கள் யோசித்து நுழையுங்கள்.

விவரங்களை வரிசையாகத் தருவதாக நினைத்திருந்தேன், முடிந்தவரை இதோ. விமான நிலையத்திலிருந்து ஏரோபஸ் பிளாசா டி கத்தலூன்யா சதுக்கம் வரை வருகிறது, அங்கிருந்து நடந்துவிடலாம். சீட்டை இணையத்தில் முன்பே வாங்குங்கள், டேப்லெட் இல்லாததே போதும்.

வெளியே வந்து தம்பியுடன் பக்கத்துத் தெருவில் சாப்பிட்ட 'பா அம்ப் தொமாகெத்' இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு. சுட்ட ரொட்டியில் பழுத்த தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டுத் தருகிறார்கள், அவ்வளவுதான். அம்மா தன் பையிலிருந்த பருப்புப்பொடியை அதன்மேல் தூவிக்கொண்டார். டேப்லெட்டுக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் இன்னும் மூன்று தட்டு வாங்கியிருக்கலாம் என்று அவர் தம்பியிடம் கணக்குச் சொன்னபோது நான் மறுக்கவில்லை.