வெறும் பாக்குதானே?

பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே பாக்குப் பொட்டலமும் சரம் சரமாகத் தொங்குகிறது. "இதில் புகையிலை இல்லைங்க, வெறும் பாக்கு" என்று விற்கிறவரும் சொல்வார், வாங்குகிறவரும் சொல்வார். குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை போட்டுவிட்டார்கள், அதனால் மிச்சமிருப்பதெல்லாம் சாது என்று ஒரு நினைப்பு. எனக்கு எரிச்சலே இதில்தான்.

என் மச்சான் ராத்திரி லாரி ஓட்டுகிறவர். தூக்கம் வராமல் இருக்கப் பாக்கு, அப்புறம் பகலிலும் பாக்கு. முதலில் ரசம் பட்டாலே வாய் எரிகிறது என்றார், சூடுதான் என்று அக்கா மணத்தக்காளிக் கீரையாகச் சமைத்துப் போட்டாள். கொஞ்ச நாளில் கல்யாணப் பந்தியில் லட்டைப் பிய்த்துப் பிய்த்து வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பல் டாக்டரிடம் போனால் இரண்டு விரல்கூட உள்ளே போகவில்லை. கன்னத்தின் உட்பக்கம் வெளுத்துக் கிடந்தது, தடவிப் பார்த்தால் கயிறு கட்டியதுபோல் பட்டை பட்டையாகத் தட்டுப்பட்டது.

சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியது கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களைப் பார்த்துத்தான். பாக்கிலுள்ள அரிகோலின், வாயின் உட்தோலுக்கு அடியில் கொலாஜன் நாரை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது, பாக்கிலேயே இருக்கிற தாமிரம் அந்த நாரைப் பின்னி இறுக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகையிலைக்கு இதில் வேலையே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-ல் வெளியான அறிக்கையில் சொல்லிவிட்டது.

"தாத்தா காலத்திலிருந்து தாம்பூலம் போடவில்லையா?" என்பார்கள். போட்டார்கள், அதுவும் பாக்குதான், அதற்கு விலக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய் போடுவதும், வெற்றிலைகூட இல்லாமல் காலையிலிருந்து கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதும் ஒன்றா?

இறுகியது பழையபடி இளகாது, பாக்கை விட்டால் மேற்கொண்டு இறுகுவதை மட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். மச்சானுக்குக் கன்னத்தில் ஊசி போடுகிறார்கள், வீட்டில் ஐஸ்குச்சிகளைப் பற்களுக்கு இடையே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறந்து பழகுகிறார். இது புற்றாக மாறக்கூடும் என்பதால் பாக்கை விட்ட பிறகும் செக்கப்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

பாக்குப் பழக்கம் இருந்தால் உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டு எரிகிறது என்றாலோ பல் டாக்டரைப் பாருங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்திலும் ஒன்று உண்டு.