எச்சில் தொட்டுத் துடைக்கும் மரம்

திருக்கோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு நொதியம் (என்சைம்) படிப்பிக்கும்போது பாடப்புத்தக உதாரணத்தோடு நான் நிற்பதில்லை. நூதனசாலைகளில் பழைய மரச்சாமானைச் சுத்தப்படுத்துகிறவர்கள் பஞ்சை எச்சிலில் நனைத்துத் துடைப்பதைச் சொல்லுவேன். "சீ, டீச்சர்!" என்று முன்வாங்கு முகம் சுழிக்கும்.

அருவருக்க ஒன்றுமில்லை. எச்சிலில் மாப்பொருளை உடைக்கும் அமைலேசு என்ற நொதியம் இருக்கிறது. எப்போதோ யாரோ மாப்பசை தடவி ஒட்டியதை அது இளக்கிவிடும், மரத்தை ஒன்றும் செய்யாது. மாப்பொருளும் மரத்திலுள்ள செலுலோசும் குளுக்கோசுச் சங்கிலிகள்தான். ஆனால் ஒன்றில் அல்பா பிணைப்பு, மற்றதில் பீற்றா. அமைலேசு அல்பாவை மட்டுமே வெட்டும். எலும்பு, தோல் காய்ச்சிய பசைக்குப் புரதத்தை வெட்டும் புரோட்டியேசு, எண்ணெய்ப் பிசுக்குக்குக் கொழுப்பை வெட்டும் லைப்பேசு. கடற்பாசியில் எடுக்கும் அகார் ஜெல்லில் கலந்து வைத்தால் ஈரமும் அதிகம் உள்ளே இறங்காது. செலுலோசை வெட்டும் செலுலேசை மட்டும் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது!

கடலில் ஊறிய மரம் வேறு கதை. டச்சுக் குடாப் பக்கம் வலையில் சிக்கிய மரக் கப்பித் துண்டொன்றைப் பக்கத்து வீட்டு அண்ணை வெயிலில் காயவைக்கப் பார்த்தார்.

"அண்ணை, தண்ணிக்குள்ளயே வையுங்கோ. தொல்பொருள் ஆக்களுக்குச் சொல்லுவம்."

பக்டீரியாக்கள் தங்கள் நொதியங்களால் செலுலோசை அரித்த பிறகு, அந்த மரத்தின் கலச்சுவரைத் தாங்கி நிற்பது தண்ணீர்தான். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். 1628இல் தாண்டு 1961இல் மேலே வந்த சுவீடனின் வாசா கப்பலுக்கு 17 வருடம், தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும் மெழுகு போன்ற பொலிஎதிலீன் கிளைக்கோல் தெளித்தார்கள் என்றேன்.

"பதினேழு வரியமோ? ஆர் பிள்ளை சம்பளம் குடுத்தது?"